மக்கா வரை கூடவே வந்த தேக்சா

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் பாலக்கரையில் ஒரு வீட்டில் நிக்காஹ் என்றால் மண்டபம் பிடிப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து தேதி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மண்டபம் வேறு கிடைக்கும், பிரியாணி மாஸ்டர் வேறு கிடைக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரே நேரத்தில் எட்டு தேக்சா ஏற்றி, எட்டையும் அடிபிடிக்காமல் இறக்கியவன் நான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேக்சா என்பது பிரியாணி ஆக்கும் பெரிய செம்புப் பாத்திரம். உள்ளே ஈயம் பூசியிருக்கும். நிறைந்துவிட்டால் தூக்க நாலு ஆள் வேண்டும். வெறும் பாத்திரமாக இருந்த காலத்தில் நான் ஒருத்தனே தோளில் வைத்து மாடி ஏற்றியிருக்கிறேன்.

எங்கள் ஜமாஅத் ஆண்டு மலருக்கு, மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்வந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். கஅபாவின் அழகையும் மதீனாவின் குளிர்ச்சியையும் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பதினைந்து நாளில் நான் அதிகம் பட்டது பயம். எழுபத்தொரு வயது வரை அது என்ன ருசி என்று தெரியாமல் இருந்தவன், ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ கிளம்புகிறவர்கள் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கி, "ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க" என்று கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். வீடு வீடாக ஏற எனக்கு எங்கே நேரம்? மண்டபத்தைப் பிடித்தேன். மட்டன் பிரியாணி போட்டேன். பந்தி நடுவில் மைக்கை வாங்கி, "என் வாயாலயோ கையாலயோ யாருக்காவது நோவு வந்திருந்தா எல்லாரும் பொறுத்துக்கிடுங்க" என்றேன். அறுநூறு பேர் கையில் எலும்போடு, "பொறுத்துட்டோம் ராவுத்தரே!" என்று கத்தினார்கள். பாலக்கரையில் இப்படி யாரும் கேட்டதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஏர்போர்ட்டுக்கு வேனில் போகும்போது என் மனைவி ஜெமிலா கேட்டாள்: "எல்லார்கிட்டயும் கேட்டாச்சாங்க?"

"ஊரையே கூப்பிட்டுல்ல கேட்டேன்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காரே."

நான் காதில் விழாத மாதிரி டிரைவரிடம் ஹார்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

மக்காவில் முதல் நாள். கஅபாவை முதன்முதலில் பார்க்கும்போது அல்லாஹ்விடம் கேட்கிற துஆ தட்டாது என்று எங்கள் குரூப்பைக் கூட்டிப்போன ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஆகையால் பஸ்ஸிலேயே ஒரு பட்டியல் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். பேரனுக்கு நல்ல வேலை, பேத்திக்கு நல்ல இடம், முழங்காலுக்குச் சுகம், எனக்கு நூறு வயது. இஹ்ராம் துணி இரண்டே துண்டு, தையல் இல்லை. அதைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி படியிறங்கினேன். ஹஜ்ரத் "இப்ப பாருங்க" என்றார். பார்த்தேன். கறுப்பாக, அசையாமல், நான் நினைத்ததைவிடப் பெரிதாக நின்றது. பட்டியல் முழுவதும் மறந்துபோயிற்று. நூறு வயதும் மறந்துபோயிற்று. மனசில் வந்து நின்றது ஒன்றே ஒன்று: ஒரு தேக்சா. ஒரு காதில் நசுங்கல் உள்ள தேக்சா.

"என்ன கேட்டீங்க?" என்றாள் ஜெமிலா.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்றேன்.

கஅபாவை ஏழு தடவை சுற்றும் தவாபுக்கு இறங்கினோம். சமயபுரம் பூச்சொரிதல் கூட்டத்தில் முட்டாமல் மோதாமல் பாத்திர வேன் ஓட்டினவன் நான், இது என்ன பெரிய கூட்டம் என்றுதான் இறங்கினேன். மூன்றாவது சுற்றில் ஒரு பெரிய குழு, கைகளைக் கோத்துக்கொண்டு, ஒரு சுவர் நடந்து வருவதைப் போல வந்தது. நெஞ்சில் மூச்சு நின்றுவிட்டது. காலைத் தரையில் வைத்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. ஜெமிலா என் இஹ்ராம் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்தினாள். யார் யாரை விடக்கூடாது என்று அவளுக்கும் தெரியவில்லை. இந்தோனேசியாக்காரர் ஒருவர், என் தோள் உயரம்கூட இல்லாதவர், முழங்கையைக் குறுக்கே கொடுத்து என்னை வெளியே தள்ளி எடுத்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் என்னை ஒருவர் தூக்கி நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். குரூப் மெஸ்ஸில் சாம்பார், ரசம், கோழிக் குழம்பு. சமைத்தவர் புதுக்கோட்டைக்காரர், பாவம், கையில் உப்பு நிற்கவில்லை. வெளியே அரபிக் கடையில் மந்தி சாப்பிட்டேன். குழிக்குள் ஆட்டைத் தொங்கவிட்டு வேகவைக்கிறார்கள். கறி பஞ்சு மாதிரி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மசாலாதான் இல்லை. அடுப்படியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு உள்ளே போனேன். அங்கே மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பாத்திரத்தைப் பார்த்ததும் அடுப்படியைப் பார்க்கும் ஆசை போய்விட்டது. வெளியே வந்துவிட்டேன்.

மக்காவில் கடமையான பர்ளு தொழுகை ஒவ்வொன்றும் முடிந்ததும் ஓர் அறிவிப்பு வரும். இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை. ஐந்து வேளையும் வரும். ஒரு வேளைகூடத் தப்பாது. முதல் நாள் யாரோ ஒருவருக்கென்று நினைத்து நின்றேன். இரண்டாம் நாள்தான் உறைத்தது: தினமும் இங்கே யாராவது இறந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் என் மாதிரி வந்தவர்களும் இருப்பார்கள். பட்டியல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள். அதற்குப் பிறகு ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த உடனே அந்த அறிவிப்புக்காக என் காது விறைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர் இன்னொருவரிடம் சொன்னதைப் பக்கத்திலிருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இங்கே மவுத்தானா கொடுத்துவெச்சவங்க. ஆனா சுமையைக் கீழே வெச்சுட்டுப் போயிருக்கணும்."

மூன்றாம் நாள் ஹோட்டல் ஹாலில் ஹஜ்ரத் பயான் என்னும் மார்க்கச் சொற்பொழிவு செய்தார். தொழுகையை விட்டதற்கு அல்லாஹ்விடம் அழுதால் அவன் மன்னிப்பான், ஆனால் ஒரு மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டும், அதில் அல்லாஹ் குறுக்கே வருவதில்லை என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"ஹஜ்ரத், மொத்தமா மைக்குல கேட்டா செல்லுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பாதிக்கப்பட்டவரு அந்தக் கூட்டத்துல இருந்தாரா?" என்று கேட்டார்.

அவர் எப்படி இருப்பார்? நான் கூப்பிடவில்லை.

இனி மறைத்துப் பயனில்லை. தங்கராசு என்று ஒருவர் என்னிடம் அடுப்பு பார்த்தார். ஸ்ரீரங்கம் மூலத்தோப்புக்காரர். எந்த விறகு எந்த நேரத்தில் இழுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு (இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது) எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தேக்சா காணாமல் போயிற்று. கடைசியாக ஏற்றி இறக்கியவர் அவர். பாலக்கரை டீக்கடை வாசலில், காலை நேரம், ஊரே பார்க்க, அவரைக் கன்னத்தில் அறைந்தேன். திருடன் என்றேன். அவர் "நான் எடுக்கலைங்க பாய்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு மாஸ்டரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. அவர் மகளை ஸ்கூலில் "தேக்சா" என்று கூப்பிட்டார்களாம்.

எட்டு மாசம் கழித்து, சமயபுரம் பக்கம் ஒரு மண்டபத்திலிருந்து ஆள் வந்தது, "உங்க பாத்திரம் ஒண்ணு எங்க ஸ்டோர்ல கெடக்குங்க" என்று. நானே இறக்கிவைத்துவிட்டு மறந்த பாத்திரம். தார்ப்பாய் போட்டு மூடி எடுத்துவந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று நினைத்தேன்.

பயான் முடிந்து அறைக்கு வந்ததும் ஜெமிலா சொன்னாள்: "அந்த தேக்சா நம்ம வீட்டுப் பின்கட்டுலதான் கவுந்து கெடக்கு. நான்தானே புளி போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கிறப்ப எல்லாம் அவரு கன்னத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கும்."

"ஏன் அப்பவே சொல்லலை?"

"நீங்க யார் சொல்லி எதைக் கேட்டீங்க?"

நான்காம் நாள் ஜியாரத், புனித இடங்களைச் சுற்றிப் பார்ப்பது. மினா, முஸ்தலிபா, அரபாத் எல்லாம் காட்ட பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். ஹஜ் காலம் இல்லை, அரபாத் வெட்டவெளியாகக் கிடந்தது. வேப்ப மரங்கள் வரிசையாக நிற்கின்றன. வேப்பிலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தேன், ஊர் வாசனை வந்தது. ஜபலுர் ரஹ்மத் குன்றில் பாதி ஏறினேன். கியாமத் என்னும் இறுதித் தீர்ப்பு நாளில் எல்லோரும் இப்படி ஒரு வெளியில்தான் நிற்பார்கள், ஒவ்வொருவனுக்கும் எதிரே அவன் அநியாயம் செய்தவன் வந்து நிற்பான் என்று ஹஜ்ரத் கீழேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் வெள்ளைத் துணி. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம், நரைத்த தலையோடு தோளில் துண்டு போட்ட ஓர் ஆள் படியேறி என்னைப் பார்த்து வருவதுபோல் இருந்தது. அருகே வந்ததும் துருக்கிக்காரர். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ் நின்றுபோயிற்று. ஏசியும் நின்றது. வெயில் கண்ணாடி வழியாக அடுப்பைப் போல் அடித்தது. நாற்பது வருஷம் விறகடுப்பு முன்னால் நின்றவன் நான், வெயிலுக்குப் பயந்தவன் இல்லை. ஆனால் அன்று தொண்டை வறண்டு, இங்கேயே இப்படியே போய்விடுவேன் என்று தோன்றியது. டிரைவர் பாகிஸ்தான்காரர், தாடி நரைத்தவர், என்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் புரிகிற உருதுவில் சொன்னார்: "பயப்படாதீங்க ஹாஜி சாப். வண்டிக்கு வயசாயிடுச்சு. எனக்கும்தான். ரெண்டு பேரும் இன்னிக்கு ஊர் போய்ச் சேர்ந்துடுவோம், நாளைக்குத்தான் தெரியாது." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வேறு பஸ் வரும்வரை பாறை நிழலில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே போனை எடுத்து, பாலக்கரையில் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் காதரிடம் பேசினேன். மூலத்தோப்பு தங்கராசு எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கச் சொன்னேன்.

"எந்தத் தங்கராசு? தேக்சா தங்கராசா?"

"ஆமாம்" என்றேன். அந்தப் பெயரை நான்தான் வைத்தேன்.

மறுநாள் காதர் கூப்பிட்டார். "அவரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கெடக்காருங்க. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சாம். அவங்க வீட்டு நம்பர் வாங்கியிருக்கேன்."

அதற்குப் பிறகு பயம் இரண்டாகிவிட்டது. நான் இங்கே போய்விடுவேனோ என்று ஒன்று. அவர் அங்கே போய்விடுவாரோ என்று ஒன்று. யார் முந்தினாலும் மாட்டிக்கொள்வது நான்தான். ஊருக்கு முன்னாலேயே அனுப்பிவிடுங்கள் என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். எல்லோருக்கும் சேர்த்துப் போட்ட டிக்கெட், மாற்ற முடியாது என்றார். எதையும் பேசி முடிக்கிறவன் என்று பெயரெடுத்த நான், அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மதீனா. நபிகளின் பள்ளிவாசலின் பச்சைக் குப்பா, அந்தக் குவிமாடம், கண்ணில் பட்டதும் ஜெமிலா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நபிகளின் அடக்கத்தின் முன்னால் ஸலாம் சொல்ல வரிசையில் போனபோது, போலீஸ்காரர் "யா ஹாஜ், யா ஹாஜ்" என்று கையால் நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை. எங்கே போனாலும் நெஞ்சை முன்னால் வைத்து நடக்கிறவன், அங்கே தரையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கம்பளத்தில் நூல் பிரிந்த இடம் எத்தனை என்று கேட்டால் சொல்வேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தைத் திறந்தார்கள். மண் மேடுகள், தலைமாட்டில் ஒவ்வொரு கல். பெயர் இல்லை. எத்தனை பெரிய மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள்! ஒரு பலகை கிடையாது. நான் என் கடை போர்டில் பெயரை எட்டு அடி நீளத்துக்கு எழுதியிருக்கிறேன், ராத்திரியில் லைட் எரியும். புதிதாக வெட்டிய குழி ஒன்று, யாருக்கோ தயாராக, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் நின்றபடியே காதர் கொடுத்த நம்பரைப் போட்டேன்.

தங்கராசுவின் மனைவி எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன்.

"அவரு பேச மாட்டாருங்க."

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"மதீனாவுலேருந்தும்மா."

"அவ்வளவு தூரம் போயா எங்க ஞாபகம் வந்துச்சு? பாலக்கரையிலேருந்து மூலத்தோப்புக்கு பஸ் இருக்குங்களே."

போனை வைத்துவிட்டார். குபா பள்ளிவாசல், உஹத் மலை எல்லாம் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும்தான் எழுத முடியும். மீதி நாட்களில் ஜனாஸா அறிவிப்பு வரும்போதெல்லாம், "யா அல்லாஹ், இன்னும் நாலு நாள், இன்னும் மூணு நாள்" என்றே துஆ கேட்டேன்.

திருச்சி ஏர்போர்ட்டில் மாலையோடு நாற்பது பேர் நின்றார்கள். புனிதப் பயணம் முடித்து வருகிறவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கேட்கிற துஆ ஏற்கப்படும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் எல்லோரும், "எனக்குக் கேளுங்க, என் மகனுக்குக் கேளுங்க" என்று கையைப் பிடித்தார்கள். நான் வேனில் ஏறி டிரைவரிடம், "வீட்டுக்கு வேணாம். ஆத்துப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போ" என்றேன். ஜெமிலா ஜம்ஜம் புனித நீர்க் கேனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தங்கராசு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார். பழைய பழக்கம். பிறகு எழுந்திருக்கவில்லை.

"வாங்க பாய். வாங்கம்மா."

பேரீச்சம்பழப் பெட்டியை அவர் மனைவியிடம் ஜெமிலா கொடுத்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். தேக்சா கிடைத்ததையும், எட்டு மாசத்தில் கிடைத்ததையும், மறைத்ததையும், எல்லாவற்றையும். பேச்சு நான் நினைத்த மாதிரி வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்தேன்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "போறதுக்கு முன்னால மைக்கு வெச்சு ஊரைக் கூட்டி மன்னிப்பு கேட்டீங்களாமே. என் பேரு வந்துச்சா?"

"வரலை."

"அடிச்சது எங்கேங்க?"

"டீக்கடை வாசல்ல."

"அங்கே அடிச்சுட்டு இங்கே கேக்கறீங்க. என் பொண்டாட்டிக்கு நான் திருடலைன்னு தெரியும் பாய். பாலக்கரைக்குத்தான் தெரியாது."

மறுநாள் காலை அவரை அவர் மகள் செல்வி ஆட்டோவில் கூட்டிவந்தாள். அதே டீக்கடை. பழைய முதலாளியின் மகன் இப்போது டீ ஆற்றுகிறான். இருபது, இருபத்தைந்து பேர் இருந்தார்கள். தவாபில் மூச்சு நின்றபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. பின்கட்டிலிருந்து அந்த தேக்சாவை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து நடுவில் இறக்கினேன். தார்ப்பாய் போடவில்லை.

"இந்தத் தங்கராசு என் தேக்சாவை எடுக்கலை. மண்டபத்துல மறந்துட்டு வந்தது நான். எட்டு மாசத்துல கெடைச்சதை மறைச்சவனும் நான். அவரை அடிச்சது தப்பு, மறைச்சது அதைவிடத் தப்பு. இனிமே யாரும் அவரை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க" என்றேன்.

பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் சிக்கந்தர் கிளாஸைக் கீழே வைத்தார். "தெரியும் ராவுத்தரே. அந்த வருஷமே இதுக்கு ஈயம் பூசினது நான்தானே. காது நசுங்கல் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தோம்."

செல்வி சிக்கந்தரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் நாலைந்து பேரும் குனிந்தார்கள். நான் ஆட்டோ அருகே போனேன்.

"தங்கராசு, பொறுத்துக்கிடுவீங்களா?"

அவர் தேக்சாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுக்கிட்டேங்க பாய். யோசிச்சுச் சொல்றேன்."

"எப்ப?"

"நீங்க இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கிட்டீங்க. எனக்கு ரெண்டு மாசம் குடுங்க."

ஆட்டோ கிளம்பிவிட்டது.

எழுபத்தொரு வயது வரை ஒரு மாத்திரை போட்டதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்று மாலையே டாக்டரைப் பார்த்தேன். இப்போது காலையில் இரண்டு, இரவில் ஒன்று. தேக்சா தூக்குவதில்லை. தினமும் மூலத்தோப்புக்குப் போன் போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். இப்போது அவரே எடுக்கிறார். "இருக்கேங்க பாய்" என்கிறார். "நீங்க இருக்கீங்களா?" என்றும் கேட்கிறார்.

இருக்கிறேன். இன்னும் பதினேழு நாள் பாக்கி. பாலக்கரை ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்கிறேன்.